கூட்டம் கலையும் நொடி – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

ஸ்பெயினின் செவில் நகரத்து அல்கசார் அரண்மனையில் வழிகாட்டி ரோபோவைச் சோதித்தது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நான் இன்ஜினியரிங் கடைசி வருஷம். எங்கள் டீமின் ப்ராஜெக்டும் ஒரு கைடு ரோபோதான். காலேஜ் லேபில் எத்தனையோ தடவை ஓட்டிவிட்டோம், எங்கும் முட்டாமல் போகிறது. அதைப் பழைய கட்டடத்துக்குக் கொண்டுபோய் சோதித்தே ஆகவேண்டுமா? பேசுவதெல்லாம் பதிவு செய்த குரல்தானே, அதற்கு ஆடியோ கைடு போதாதா? இன்னொன்று, என் மாமா ரொம்ப வருஷமாக கைடு வேலை பார்ப்பவர். இந்த ப்ராஜெக்ட் பற்றி அவரிடம் பேசவே கூச்சமாக இருக்கிறது.

கா., திருச்சி

அன்புள்ள கா.,

லேபில் உங்கள் ரோபோ முட்டாமல் போவதற்குப் பாதிக் காரணம் நீங்களும் உங்கள் நண்பர்களும்தான். அது எப்போது திரும்பும், எந்த இடத்தில் தயங்கும் என்பதெல்லாம் உங்கள் கால்களுக்குத் தெரியும், உங்களை அறியாமலே ஒதுங்கிக்கொள்கிறீர்கள். வெளியில் வருகிறவர்களுக்கு அது தெரியாது. பக்கத்தில் வருவார்கள், சுற்றி வளைப்பார்கள், குழந்தைகள் குறுக்கே நின்று என்ன செய்கிறது என்று பார்ப்பார்கள்.

ஜெர்மனியின் பான் நகர அருங்காட்சியகத்தில் 1997 மே மாதம் ரைனோ என்ற ரோபோவை ஆறு நாள் விட்டுப் பார்த்தார்கள். 47 மணி நேரம், 18 கிலோமீட்டருக்கு மேல், 2,000 பேருக்கும் கூடுதலான பார்வையாளர்கள். அங்கே இரண்டு பிரச்சினைகள். முதலாவது கண்ணாடி. காட்சிப்பொருளைச் சுற்றியிருக்கும் கண்ணாடிப் பெட்டி, தூரத்தை அளக்கும் லேசர் சென்சாருக்குத் தெரியவே தெரியாது, ஒளி ஊடுருவிப் போய்விடும். அதனால் கண்ணாடி எங்கெங்கே இருக்கிறது என்பதை மேப்பிலேயே போட்டு, சென்சார் பார்க்காவிட்டாலும் அங்கே சுவர் இருப்பதாக ரோபோ நினைத்துக்கொள்ளும்படி செய்தார்கள். இரண்டாவது, நீங்கள் லேபில் பார்க்கவே முடியாதது: கூட்டம். இருபது பேர் சுற்றி நின்றால் ரோபோவுக்குச் சுவர் தெரியாது, கால்கள்தான் தெரியும். தான் எங்கே இருக்கிறோம் என்பதைச் சுவரின் தூரத்தை வைத்துக் கணக்குப் போடுகிற ரோபோ காலைச் சுவர் என்று எடுத்துக்கொண்டால் கதை முடிந்தது. அவர்கள் கண்ட வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. மேப்பின்படி சுவர் ஐந்து மீட்டரில் இருக்கவேண்டும், லேசர் ஒரு மீட்டர் என்கிறதா? சரி, நடுவில் ஆள் நிற்கிறார், அந்த அளவைத் தூக்கிப் போடு. மிச்சமிருக்கும் சில அளவுகளை மட்டும் நம்பு. இவ்வளவுதான்.

அடுத்த வருஷம் வாஷிங்டனில், ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் மினர்வா என்ற ரோபோ இரண்டு வாரம் சுற்றியது, மொத்தம் 44 கிலோமீட்டர். அது கூரையையும் பார்த்து இடத்தை அறிந்துகொண்டது. எவ்வளவு கூட்டம் வந்தாலும் கூரையை யாரும் மறைக்க முடியாது அல்லவா? முகமும் வைத்திருந்தார்கள். வழி விட்டால் சிரிக்கும், மறித்துக்கொண்டே இருந்தால் முகம் கடுகடு என்று மாறும், குரலும் மாறும்.

இதெல்லாம் கூரைக்குக் கீழே, சமதரையில். அல்கசார் வேறு. 2011 முதல் 2014 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில் நடந்த ஃப்ராக் என்ற திட்டத்தில் அங்கே சோதித்தது, திறந்தவெளியிலும் ஓடவேண்டிய ரோபோ. திட்டத்தை நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகம் முன்னின்று நடத்தியது, செவிலின் பாப்லோ டி ஒலாவிடே பல்கலைக்கழகம் வழிசெலுத்தும் பகுதியைப் பார்த்துக்கொண்டது. வெயில் முற்றத்திலிருந்து இருண்ட மண்டபத்துக்குள் நுழைந்தால் நமக்கே கண் ஒரு கணம் கட்டும், கேமராவுக்கும் அதே கதிதான். அதற்குள்ளே இருப்பது 14-ஆம் நூற்றாண்டில் மன்னர் முதலாம் பேத்ரோ கட்டிய அரண்மனை, அல்கசார் முழுவதும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. ரோபோவுக்கு வசதியாக இருக்கட்டும் என்று சுவரில் அடையாளம் ஒட்டவோ வாசற்படியைச் சரிவாக்கவோ யார் விடுவார்கள்? கட்டடத்துக்கு ஏற்றபடி ரோபோதான் மாறிக்கொள்ள வேண்டும்.

ஆனால் அந்தத் திட்டத்தில் நான் மதிப்பது வேறொன்றை. ரோபோவுக்கு என்ன பேசக் கற்றுத்தருவது என்று யோசிப்பதற்கு முன்னால், அவர்கள் மனித வழிகாட்டிகளின் பின்னாலேயே நடந்து பார்த்தார்கள். எங்கே நிற்கிறார், எப்போது சுவரைப் பார்க்கிறார், எப்போது நம்மைப் பார்க்கிறார், கையை எங்கே நீட்டுகிறார் என்று குறித்துக்கொண்டார்கள்.

அதன் அருமை எனக்கு அங்கே போனபோதுதான் புரிந்தது. பேத்ரோவின் அரண்மனை முகப்பில், உயரத்தில், நீலமும் வெள்ளையுமாக ஓடுகள் பதித்த ஒரு பட்டை இருக்கிறது. ஏதோ கோலம் என்று தோன்றும். உண்மையில் அது கூஃபி என்ற பழைய அரபு எழுத்துமுறையில் ஒரு வாசகம், ‘இறைவனைத் தவிர வெல்பவன் இல்லை’ என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறது. கிரானடாவின் முஸ்லிம் அரசர்களுடைய வாசகம், ஒரு கிறிஸ்தவ மன்னரின் வாசல் தலையில். எங்கள் கைடு அம்மா அங்கே வந்ததும் உடனே பேசவில்லை. நிமிர்ந்து பார்த்தபடி சும்மா நின்றார். ஒவ்வொருவராக நிமிர்ந்தார்கள். பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்த ஒரு பாட்டி நிழலில் வந்து நின்று மூச்சு வாங்கி முடிக்கும்வரை காத்திருந்தார். அப்புறம்தான், “அது வெறும் அலங்காரம் இல்லை, படிக்க வேண்டியது” என்றார். எல்லோரும் மறுபடி அண்ணாந்தோம். என் காதில் மாட்டியிருந்த ஆடியோ கைடு அதற்குள் அடுத்த அறைக்குப் போயிருந்தது.

ஆடியோ கைடு போதாதா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் அந்த அரை நிமிஷம்தான். தகவல் இரண்டிலும் ஒன்றே. ஒலிப்பெட்டிக்கு எதிரில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. ரோபோவுக்குக் கேமரா இருக்கிறது, திரும்ப முடியும், காத்திருக்க முடியும். அதைச் செய்யாத ரோபோ, சக்கரம் வைத்த ஆடியோ கைடுதான். ஆகவே களச்சோதனையில் முட்டியதா இல்லையா என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த வாக்கியத்தில் ஆட்கள் நகரத் தொடங்குகிறார்கள், ரோபோ அடுத்த இடத்துக்குக் கிளம்பும்போது எத்தனை பேர் கூடவே வருகிறார்கள், எத்தனை பேர் அங்கேயே நின்று போனைப் பார்க்கிறார்கள் என்று எண்ணுங்கள். முடிந்ததும் “நல்லா இருந்ததா?” என்று கேட்டால் எல்லோரும் நல்லா இருந்தது என்றுதான் சொல்வார்கள், நம் ஊரில் மட்டுமல்ல, எங்கும். அவர்களுடைய கால்கள் எப்போது திரும்பின என்பதை வீடியோவில் பாருங்கள்.

மாமா விஷயம். கூச்சப்படுவது சரிதான், அந்தக் கூச்சம் இல்லாதவர்கள் இந்த வேலையை எடுக்கக்கூடாது. ஆனால் அவரிடம் மறைக்காதீர்கள். இத்தாலியின் டூரின் நகருக்குப் பக்கத்தில் ரக்கோனிஜி கோட்டையில் விர்ஜில் என்ற ரோபோவைச் சோதித்தார்கள், பார்வையாளர்கள் போகமுடியாத அறைகளுக்குள் அதை அனுப்பி, உள்ளே இருப்பதைப் படமாகக் காட்டுவதற்கு. அதை இயக்கியது கோட்டையின் கைடு. அவர் கூட்டத்தோடு நின்றபடியே பேசினார், ரோபோ அவருக்குக் கண்ணாக உள்ளே போனது. ரோபோவை வைத்து ஆளைக் குறைப்பதா, ஆளின் கைக்கு எட்டாததை எட்டவைப்பதா என்பதை டிசைன் போடும்போதே முடிவு செய்துவிடுகிறோம், அப்புறம் மாற்றுவது கஷ்டம்.

உங்கள் ரோபோ லேபைவிட்டு வெளியே வருவதற்கு முன்னால் மாமாவோடு ஒரு முழு நாள் நடங்கள். நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள், அவர் சொல்வதை எழுதாதீர்கள், அது புத்தகத்திலேயே கிடைக்கும். அவர் எங்கெல்லாம் பேசாமல் நிற்கிறார் என்று எழுதுங்கள். சாயங்காலம் டீ குடிக்கும்போது ஒவ்வொன்றாக, ஏன் அங்கே நின்றீர்கள் என்று கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்