ஆஞ்சியோகிராமில் அடைப்பு இல்லை. வலி மட்டும் ஏன்?

கேள்வி: எனக்கு வயது 52. மாதவிடாய் நின்று நான்கு ஆண்டுகள் ஆகின்றன. மாடிப்படி ஏறினால் நெஞ்சில் ஓர் இறுக்கம் வருகிறது. சில நாட்களில் விடியற்காலையில் படுத்திருக்கும்போதே வந்துவிடுகிறது. ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்தவர்கள், அடைப்பு எதுவும் இல்லை, மனக்கவலைதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஈஸ்ட்ரோஜன் பெண்களின் இதயத்தைக் காக்கும் என்று படித்தேன். அந்த மாத்திரையை எடுத்துக்கொண்டால் இந்த வலி தீருமா? — ஒரு வாசகி, கும்பகோணம்.

பதில்: அடைப்பு இல்லை என்பதும், இதயத் தசைக்குப் போதிய ரத்தம் கிடைக்கிறது என்பதும் ஒன்றல்ல. ஆஞ்சியோகிராமில் தெரிபவை பெரிய தமனிகள் மட்டுமே. அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள நுண்குழாய்கள் அதில் தெரிவதில்லை. ஆனால் தசைக்கு எந்த நேரத்தில் எவ்வளவு ரத்தம் போக வேண்டும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை அந்த நுண்குழாய்களே. படி ஏறும்போது அவை விரியத் தவறினால் நெஞ்சு இறுகும். பெரிய தமனி திடீரென்று சுருங்கிக்கொண்டால், ஓய்வில் இருக்கும்போதும், குறிப்பாக விடியற்காலையில், வலி வரலாம். மாதவிடாய் நிற்கும் வயதை ஒட்டிய பெண்களிடம் இவ்வகை வலியை அடிக்கடி காண்கிறோம். எனவே மனக்கவலை என்ற முடிவுக்கு இவ்வளவு விரைவில் வந்திருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

ரத்தக்குழாயின் உட்புறத்தில் ஒரே ஓர் அடுக்குச் செல்களால் ஆன மெல்லிய படலம் உண்டு. அதை வெறும் பூச்சு என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். அமெரிக்க அறிவியலாளர் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் தமனித் துண்டுகளை வைத்துச் செய்த ஆய்வில், படலம் முழுமையாக இருந்த துண்டு, நரம்புகள் சுரக்கும் வேதிப்பொருளான அசிட்டைல்கோலின் பட்டதும் தளர்ந்தது. படலம் உரசிப்போன துண்டு தளராமல் சுருங்கியது. இந்த முடிவு 1980இல் வெளியாயிற்று. தளர்த்தும் அந்தப் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயு என்பது பின்னர் உறுதிப்பட, 1998இல் இக்னாரோ, முராட் ஆகியோருடன் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. (நெஞ்சுவலிக்காரர்கள் நாக்கின் அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரையும் இதே வாயுவின் வழியாகத்தான் வேலை செய்கிறது.)

ஈஸ்ட்ரோஜன் வேலை செய்யும் முக்கியமான இடம் இந்தப் படலமே. அதன் செல்களிலுள்ள ஏற்பிகளில் ஹார்மோன் சென்று பொருந்தியதும், நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கும் நொதி சில நிமிடங்களில் தூண்டப்படுகிறது. ஹார்மோன் தொடர்ந்து கிடைத்தால், மரபணுக்களின் வழியாக அந்த நொதியின் அளவே கூடுகிறது. தமனிச் சுவரின் தசைச் செல்களுக்குள் கால்சியம் நுழைவதையும் ஹார்மோன் ஓரளவு குறைப்பதால், குழாய் எளிதில் இறுகுவதில்லை. நோயுற்ற இதயத் தமனிக்குள் அசிட்டைல்கோலினைச் செலுத்தினால் அது சுருங்கும். முன்னதாக ஈஸ்ட்ரோஜனின் ஒரு வகையான எஸ்ட்ராடையால் கொடுத்திருந்தால் அந்தச் சுருக்கம் பெண்களிடம் தணிந்தது, ஆண்களிடம் தணியவில்லை என்று 1995இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இவ்வளவையும் படித்தால், மாத்திரை கொடுத்துவிட்டால் போதுமே என்றுதான் தோன்றும். மருத்துவ உலகும் அப்படித்தான் நம்பியது. 1998இல் வெளியான ஹெர்ஸ் ஆய்வில், ஏற்கெனவே இதய நோயுள்ள 2,763 பெண்களில் ஒரு பாதியினருக்கு ஹார்மோனும் மறுபாதியினருக்கு மருந்தில்லா மாத்திரையும் கொடுத்துப் பார்த்தபோது, மொத்தத்தில் பலன் எதுவும் இல்லை. முதல் ஆண்டில் ஹார்மோன் பெற்றவர்களிடம் மாரடைப்பு கூடவே செய்தது. 16,608 பெண்கள் பங்கேற்ற மற்றொரு பெரிய ஆய்வு, தீமை மிகுந்ததால் 2002 ஜூலையில் இடையிலேயே நிறுத்தப்பட்டது. அங்கே ஹார்மோன் எடுத்த 10,000 பேரில் ஆண்டுக்கு 7 பேருக்குக் கூடுதலாக மாரடைப்பு போன்ற இதயப் பாதிப்பும், 8 பேருக்குக் கூடுதலாகப் பக்கவாதமும் ஏற்பட்டன.

முரணுக்குக் காரணம், ஹார்மோன் சென்று சேரும் குழாயின் நிலை. அந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்களின் சராசரி வயது அறுபதுக்கு மேல். கொழுப்புப் படிந்த தமனியில் ஏற்பிகள் குறைந்திருக்கும், படலமும் பழுதுபட்டிருக்கும். தூண்டுவதற்கு ஆரோக்கியமான செல்லே இல்லாத இடத்தில் ஹார்மோனால் என்ன செய்ய முடியும்? அதே வேளையில், வாய்வழி உட்கொள்ளும் ஈஸ்ட்ரோஜன் கல்லீரலைக் கடக்கும்போது ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைக் கூட்டுகிறது. இவ்விரு ஆய்வுகளிலும் உடன் சேர்க்கப்பட்ட மெட்ராக்ஸிபுரோஜெஸ்ட்ரோன் என்னும் செயற்கை ஹார்மோனின் மீதும் சந்தேகம் உண்டு: ரீசஸ் குரங்குகளில் அது தமனிச் சுருக்கத்துக்கு வழிவகுத்தது, இயற்கையான புரோஜெஸ்ட்ரோன் அப்படிச் செய்யவில்லை.

பிறகு 2016இல் வெளியான எலைட் ஆய்வு 643 பெண்களை இரு பிரிவாகப் பிரித்துப் பார்த்தது. மாதவிடாய் நின்று ஆறு ஆண்டுகளுக்குள் எஸ்ட்ராடையால் தொடங்கியவர்களிடம் கழுத்துத் தமனிச் சுவர் தடிப்பது மெதுவாயிற்று. பத்து ஆண்டுகளுக்குப் பின் தொடங்கியவர்களிடம் அப்பலன் இல்லை. நீங்கள் முதல் பிரிவில் வருபவர் என்றாலும், அந்த ஆய்வு அளந்தது சுவரின் தடிப்பைத்தான், மாரடைப்பை அல்ல. உடல் திடீரென்று அனலாகக் கொதிப்பதும் தூக்கம் கெடுவதும் உங்களை வாட்டினால் மகப்பேறு மருத்துவரிடம் ஹார்மோன் பற்றிப் பேசலாம்; இதயத்தைக் காப்பதற்காக மட்டும் அதைத் தொடங்க வேண்டாம். இதயத் தமனியின் ரத்த ஓட்டம் தேவைக்கேற்ப எத்தனை மடங்கு உயர்கிறது என்று அளக்கும் பரிசோதனையும், அசிட்டைல்கோலின் பரிசோதனையும் பெரிய மையங்களில் செய்கிறார்கள். அவற்றைப் பற்றி உங்கள் இதய மருத்துவரிடம் கேளுங்கள். சுருக்கம்தான் காரணம் என்று தெரிந்தால் அதற்குக் கால்சியம் தடுப்பு மாத்திரைகள் இருக்கின்றன. வலி பதினைந்து நிமிடங்களுக்கு மேல் நீடித்தால் மட்டும், பழைய ஆஞ்சியோகிராமை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: ஆண்களுக்கு மாரடைப்பு அதிகம் வருவது டெஸ்டோஸ்டிரோனால்தானா? — ஒரு வாசகர், சேலம்.

பதில்: அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. இதயத் தமனிக்குள் நேரடியாகச் செலுத்தினால் டெஸ்டோஸ்டிரோனும் அதை விரிக்கிறது. ஆணின் உடலிலும் அதன் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. அந்த ஈஸ்ட்ரோஜன் ஆணுக்கும் தேவை. மரபணுக் குறையால் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி செயல்படாத ஓர் ஆணுக்கு 31 வயதிலேயே இதயத் தமனி நோய் இருந்ததை 1997இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் குறைபாடு உறுதியான 5,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் அந்த ஹார்மோன் களிம்பைச் சோதித்த ஆய்வு 2023இல் வெளியானது. அதில் மாரடைப்பு கூடவில்லை, ஆனால் இதயத் துடிப்புக் கோளாறும் நுரையீரல் தமனி அடைப்பும் சற்று அதிகமாயின. குறைபாடே இல்லாமல் உடற்பயிற்சிக் கூடங்களில் ஊசியாகப் போட்டுக்கொள்பவர்களுக்கு அந்த முடிவு பொருந்தாது.