கிட் வாங்காமல், கையாலேயே ஒரு சின்ன ரயில் பெட்டி மாடல் செய்து ஷோகேஸில் வைக்க முடியுமா? எதிலிருந்து தொடங்குவது?

தாராளமாக முடியும். நான் செய்தது மேட்டுப்பாளையம்–ஊட்டி மலை ரயிலின் நீலமும் கிரீமும் அடித்த ஒரு பெட்டி. ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான நீளம். அது ஓடாது. நீங்களும் ஷோகேஸுக்குத்தான் கேட்கிறீர்கள் என்பதால் மோட்டார், கரண்ட், வளைவில் திரும்புமா என்ற தலைவலியெல்லாம் இப்போதே கழிந்தது. மிச்சம் இருப்பது அளவு. இந்த வேலை பெரும்பாலும் கெட்டுப்போவது ஸ்கேல் பிடிக்கும் இடத்தில்தான்.

நான் கெடுத்த கதையைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா கோவையில் ஃபவுண்டரிகளுக்கு மரப் பேட்டர்ன், அதாவது வார்ப்பு அச்சு எடுக்க உதவும் மர மாதிரி செய்தவர். பெட்டியின் இரண்டு பக்கச் சுவர்களையும் அவருடைய ஸ்டீல் ஸ்கேல் வைத்து வெட்டினேன். தரையையும் கூரையையும் இன்னொரு நாள், பையனின் பள்ளிக்கூட ஸ்கேல் வைத்து வெட்டினேன். ஒட்டப் போனால் கூரை 2 மில்லி போதவில்லை. கத்தி நழுவியிருக்கும் என்று மறுபடியும் வெட்டினேன். மறுபடியும் அதே 2 மில்லி.

அப்பா வந்து பார்த்தார். "ஏஞ்சாமி, சுவத்துக்கு எந்த ஸ்கேலு புடிச்சே?"

"உங்க டூல் பெட்டியில இருந்ததுதானுங்கப்பா."

சிரிக்க ஆரம்பித்தவர் வெகுநேரம் நிறுத்தவில்லை. அது ஷ்ரிங்கேஜ் ஸ்கேல். உருக்கி ஊற்றிய இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் பேட்டர்னைக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் கணக்குப் போடாமல் இருக்க, அந்த ஸ்கேலின் கோடுகளையே இழுத்துப் போட்டிருப்பார்கள். வார்ப்பிரும்புக்கு ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று. 20 சென்டிமீட்டருக்கு 2 மில்லி, கணக்கு சரியாக இருக்கிறது! என் மாடல் 1:50, அதாவது அசலில் ஐம்பதில் ஒரு பங்கு. அதில் அந்த 2 மில்லி, அசல் பெட்டியில் 10 சென்டிமீட்டர். உங்கள் வீட்டில் அப்படி ஒரு ஸ்கேல் இருக்காதுதான். ஆனாலும் முதல் கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரை ஒரே ஸ்கேலைப் பிடியுங்கள்.

1:50 ஏன் என்றால் மனக்கணக்குக்காக. அசலில் ஒரு மீட்டர், மாடலில் 2 சென்டிமீட்டர். மலை ரயில் மீட்டர் கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கு நடுவே 1000 மில்லி. நமக்கு 20 மில்லி. கடையில் விற்கும் 16.5 மில்லி ஹெச்.ஓ. (மாடல் ரயில்களில் ஒரு அளவின் பெயர்) தண்டவாளத்தின் மேல்தான் வைப்பேன் என்றால் 1:60 எடுத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய பொருந்தும்.

வரைபடம் கிடைக்கவில்லையே என்று உட்கார்ந்துவிட வேண்டாம். போட்டோவே போதும். பத்து பத்து சென்டிமீட்டருக்குக் கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்த ஒரு மீட்டர் குச்சியைப் பெட்டியை ஒட்டி ஒருவரைப் பிடிக்கச் சொல்லி, முடிந்தவரை தள்ளி நின்று, ஜூம் செய்து, நேர் எதிரிலிருந்து எடுங்கள். பக்கத்தில் நின்று எடுத்தால் ஓரங்கள் சரிந்து அளவு பொய் சொல்லும். மேட்டுப்பாளையத்தில் வண்டி காலை 7.10க்குக் கிளம்பும், அதற்கு முன்பே போய்விட்டால் மேல்பாதியை நிதானமாக எடுக்கலாம். அடிப்பாகத்தைப் பிளாட்பாரம் மறைத்துவிடும். அதை நான் எடுத்தது வழியில் வரும் ஹில்குரோவ் ஸ்டேஷனில், எஞ்சின் தண்ணீர் பிடிக்க நின்று எல்லோரும் இறங்கிக் கால் நீட்டும் நேரத்தில்.

சுவருக்கு மவுண்ட் போர்டும் கெட்டியான கல்யாணப் பத்திரிகையும் போதும். எங்கள் பக்கம் முகூர்த்த மாதங்களில் வந்து குவிகிற பத்திரிகைகளை வேறு என்ன செய்வது? திருப்பூர் சட்டைப் பெட்டிகளின் மூடியில் வரும் கண்ணாடித் தாள் ஜன்னலுக்கு ஆகும். ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: முழு அட்டையில் ஜன்னல் ஜன்னலாக ஓட்டை போடாதீர்கள். பத்து ஓட்டையில் ஒன்றாவது கோணும், பார்ப்பவர் கண் நேராக அதில்தான் போய் நிற்கும். கீழ்ப்பட்டை, மேல்பட்டை, நடுவில் ஒரே அகலத்தில் நறுக்கிய குட்டித் தூண்கள் என்று அடுக்கி ஒட்டினால் ஜன்னல்கள் தானாகவே ஒரே வரிசையில் வரும். தூண்களுக்கு நடுவே ஒரு அட்டைத் துண்டை அளவுக்கட்டையாக வைத்து வைத்து நகர்த்துங்கள். கண்ணாடித் தாளுக்கு சூப்பர் குளூ வேண்டவே வேண்டாம். அதன் ஆவி படிந்து தாள் வெளுத்துவிடும். எனக்கு ஒரு பக்கம் முழுக்க குன்னூர்ப் பனிமூட்டம் ஆகிவிட்டது. ஃபெவிகாலைக் குச்சி நுனியில் தொட்டு ஓரத்தில் வையுங்கள். ஆணித்தலைகளுக்கு, தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனாவால் அட்டையின் பின்பக்கம் அழுத்தினால் முன்னால் புள்ளி புள்ளியாக எழும்பும்.

பெயின்டுக்கு முன் தச்சர்கள் பூசும் அரக்குப் பாலிஷை அட்டையின் இரண்டு பக்கமும் பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் அட்டை அப்பளம் மாதிரி வளையும். முதலில் கிரீம். காய்ந்ததும் டேப் ஒட்டி, அந்த டேப் ஓரத்தில் மறுபடியும் கிரீமையே ஒரு கை அடித்து, அது காய்ந்த பிறகு நீலம். அப்படிச் செய்தால் டேப்புக்கு அடியில் கசிவது கிரீமாகத்தான் இருக்கும், கோடு கூர்மையாக நிற்கும். அப்புறம், ஆடி மாதம் ஸ்ப்ரே கேனைத் தொடாதீர்கள். பாலக்காட்டுக் கணவாயிலிருந்து வரும் காற்று எங்கள் மொட்டைமாடிப் புழுதி மொத்தத்தையும் என் கூரையில் ஒட்டிவிட்டுப் போனது.

சக்கரத்தைத் தெரிந்த லேத் பட்டறையில் அலுமினியக் கம்பியில் கடைந்து வாங்கினேன். சட்டைப் பித்தானில் வாஷர் ஒட்டினாலும் ஷோகேஸுக்கு யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

பீடம்தான் எனக்குப் பிடித்த வேலை. கல்லாறு ஸ்டேஷன் தாண்டினால் குன்னூர் வரை, எஞ்சினின் பல்சக்கரம் பிடித்து ஏறுவதற்காகத் தண்டவாளங்களுக்கு நடுவே பல் சட்டம் ஓடும். இரண்டு சட்டங்கள், ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதின் பள்ளம். வயர் கட்டும் கேபிள் டை இரண்டை, பல் மேலே தெரிய, அரைப்பல் தள்ளி ஒட்டிக் கறுப்படித்தேன். பல் நெருக்கம் அசலைவிட அதிகம்தான், போகட்டும். அந்தப் பாதையின் மிகச் செங்குத்தான ஏற்றம் 12.28க்கு 1, அதாவது 12.28 அடி போனால் 1 அடி ஏறும். அதனால் 30 சென்டிமீட்டர் பலகையின் ஒரு முனையை ஏறக்குறைய 24 மில்லி உயர்த்தினேன். சக்கரத்தைத் தண்டவாளத்தோடு ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் பெட்டி இறங்கிப் போய்விடும்.

எல்லாம் முடித்து வைத்தபோது, மேட்டுப்பாளையத்தில் இருக்கும் பெரிய மாமா வந்து ஒரு நிமிஷம் பார்த்தார். "மாப்ள, வண்டிய ஏன் திருப்பி வெச்சிருக்கீங்க?" என்றார். மலை ஏறும்போது எஞ்சின் கீழே நின்று தள்ளும். பெட்டியின் பிரேக்கைப் பிடிக்கும் பிரேக்ஸ்மேன் நிற்கும் மேடை மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும். நான் பள்ளத்துப் பக்கம் வைத்து ஒட்டியிருந்தேன். எட்டுச் சக்கரத்தையும் பிளேடால் கீறி எடுத்துத் திருப்பி ஒட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.