40,000 ரூபாய் டெஸ்க்டாப்: கிராபிக்ஸ் கார்டை விடுங்கள், எஸ்.எம்.பி.எஸ்ஸைப் பாருங்கள்

கேள்வி: என் மகன் இந்த ஆண்டு பொறியியல் சேர்ந்திருக்கிறான். 40,000 ரூபாய்க்குள் டெஸ்க்டாப் அசெம்பிள் செய்து கொடுக்கலாமா? எந்தப் பாகத்துக்கு அதிகம் செலவழிக்க வேண்டும்?

உங்கள் மகன் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போய்வருகிறவன் என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். விடுதியில் இருக்கிறான் என்றால் இதற்கு மேல் படிக்க வேண்டாம், லேப்டாப் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். நான்கு பேர் படுக்கும் அறையில், ஒரே பிளக்கில் எக்ஸ்டென்ஷன் போர்டு மாட்டி எல்லோரும் செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றும் இடத்தில், மானிட்டரும் கேபினெட்டுமாக ஒருவன் உட்கார முடியாது.

நான் கணினிக் கடைக்காரி அல்ல. திண்டுக்கல் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். "டீச்சருக்கு இதில் என்ன தெரியும்" என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளலாம். 2024இல் என் தங்கை மகள் கணினி அறிவியல் சேர்ந்தபோது வாங்கிய டெஸ்க்டாப்பில் ஒவ்வொரு பாகமும் நானும் அவளும் பார்த்து, கேட்டு, கையில் எடுத்து வாங்கியது. அது இன்றுவரை ஓடுகிறது. இப்போது தங்கை கணவர் உறவினர் வீடுகளில் "நாங்களே அசெம்பிள் செய்தோம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு அவர் செய்த வேலை டீ வாங்கிவந்தது. போகட்டும்.

முதலில் எங்கள் ஊரிலேயே ஒரு கடைக்குப் போனோம். பெயர் வேண்டாம். நான் கேட்கும் கேள்விக்கெல்லாம் கடைக்காரர் தங்கை கணவரைப் பார்த்தே பதில் சொன்னார். "சார், ஐ5, 16 ஜிபி, கிராபிக்ஸ் கார்டு, 500 வாட் பவர் சப்ளை, எல்லாம் சேர்த்து 32,000." கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஐ5 என்பது இன்டெல் நிறுவனத்தின் பிராசசர் வரிசை, பிராசசர்தான் கணினியின் மூளை. அதில் எந்தத் தலைமுறை என்று கேட்டேன். சுற்றி வளைத்துக் கடைசியில் 3470 என்றார். அது 2012இல் வந்த பிராசசர். திரையில் படம் வரைவதற்கான தனிப் பலகைதான் கிராபிக்ஸ் கார்டு; அப்படி என்று அவர் காட்டியது ஜிடி 730. 2014இல் வந்த அந்தக் கார்டைவிட இன்றைய சாதாரண பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் வேகமானது. பெட்டியில் கார்டின் படம் பெரிதாக இருக்கும், பெற்றோருக்கும் திருப்தியாக இருக்கும், அவ்வளவுதான்.

எஸ்.எம்.பி.எஸ். என்பது வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பவர் சப்ளை பெட்டி. அந்த "500 வாட்" எஸ்.எம்.பி.எஸ். கேபினெட்டோடு இலவசமாக வருவது. கையில் வாங்கிப் பார்த்தேன், தக்கையாக இருந்தது. பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே 14 ஆம்பியர் என்று போட்டிருந்தது. திறன் என்பது வோல்ட்டை ஆம்பியரால் பெருக்குவது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் நடத்துகிற பாடம். 12ஐ 14ஆல் பெருக்கினால் 168. இன்றைய கணினியில் பிராசசரும் கார்டும் எடுப்பது பெரும்பாலும் இந்த 12 வோல்ட் வழியாகத்தான். மீதி 332 வாட் எங்கே என்று கேட்டேன். "மேடம், எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள்" என்றார். அன்று முதல்முறையாக என்னைப் பார்த்து அவர் சொன்ன பதில் அது.

இந்த இடத்தில் ஒருவர் கணக்கோடு வருவார் என்று தெரியும்: கிராபிக்ஸ் கார்டு இல்லாத டெஸ்க்டாப் முழு வேகத்தில் ஓடினாலும் 150 வாட்டுக்குள்தானே எடுக்கும், 168 போதாதா? ஸ்டிக்கரில் 500 என்று பொய் எழுதியவன் 14 ஆம்பியர் என்று மட்டும் உண்மை எழுதியிருப்பான் என்று நம்பினால் போதும். மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது தானே அணைந்துகொள்ளும் பாதுகாப்புச் சுற்று அந்த விலையில் பெரும்பாலும் இருப்பதில்லை. எஸ்.எம்.பி.எஸ். போகும்போது தனியாகப் போனால் பரவாயில்லை, எல்லாப் பாகமும் மாட்டும் மதர்போர்டையும், கோப்புகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யையும் கூட்டிக்கொண்டு போகும். ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: கண்ணில் படாத பாகத்துக்குச் செலவழியுங்கள். நல்ல நிறுவனத்தின் 450 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் சான்று (மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கானது) உள்ளது போதும். நாளைக்கு மகன் சம்பாதித்து 75 வாட்டுக்குள் ஒரு சின்ன கார்டு போட்டுக்கொண்டால் அதற்கும் அதுவே தாங்கும்.

பிறகு ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை போன சாக்கில் ரிச்சி தெருவுக்குப் போனோம். தெரியாதவர்களுக்கு: அண்ணா சாலையிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் திரும்பினால், நரசிங்கபுரம் தெருவும் மீரான் சாகிப் தெருவும் சேர்ந்து முழுக்க மின்னணுக் கடைகள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலும் மூடியிருக்கும். முதல் கடையில் விலையைக் கேட்டு எழுதிக்கொண்டு நகருங்கள். நாங்கள் வாங்கியது ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி பிராசசர். ஆறு கோர், உள்ளேயே கிராபிக்ஸ், பெட்டியிலேயே விசிறி. விசிறியின் அடியில் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டும் தடவித்தான் வரும். அதற்கு அன்று சுமார் 12,000. ஏ520 மதர்போர்டு 5,000. 8 ஜிபி ராம் (தற்காலிக நினைவகம்) இரண்டு, 3,600. 500 ஜிபி என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. 3,400. எஸ்.எம்.பி.எஸ். 3,000. காற்றுப் போக வலை வைத்த கேபினெட் 2,200. 22 அங்குல மானிட்டர் 7,500. விசைப்பலகையும் மவுஸும் 1,000. யு.பி.எஸ். 3,000. நாற்பதாயிரத்தைக் கொஞ்சம் தாண்டியது. இந்த விலையெல்லாம் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து, பில்லோடு. பில் இல்லாமல் என்றால் குறைத்துத் தருகிறேன் என்றார்கள். பில் இல்லாவிட்டால் வாரண்டிக்கு யாரிடம் போய் நிற்பது?

மூன்று விஷயங்களில் ஏமாற வாய்ப்பு உண்டு. பெயரின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து உள்ள இன்டெல் பிராசசரில் (12100எஃப் போல) உள் கிராபிக்ஸ் கிடையாது. விலை குறைவு என்று அதை வாங்கிவந்து மதர்போர்டில் மானிட்டரைச் செருகினால் திரை இருட்டாகவே இருக்கும். நாங்கள் வாங்கிய 5000 வரிசை ரைசனில் இதற்கு நேர்மாறாக, எண்ணுக்குப் பின் 'ஜி' வருவதில்தான் கிராபிக்ஸ் உண்டு, 5600 என்று மட்டும் இருந்தால் இல்லை. அடுத்தது ராம். 16 ஜிபி ஒற்றைத் துண்டாகத் தரப் பார்ப்பார்கள். உள் கிராபிக்ஸ் இந்த ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது; எட்டும் எட்டுமாக இரண்டு துண்டு போட்டால் வேகம் கண்கூடாகத் தெரியும். மூன்றாவது, பெட்டியில்லாமல் தட்டில் வரும் 'டிரே' பிராசசர். ஏ.எம்.டி. பெட்டியோடு வாங்கினால் மூன்று ஆண்டு நிறுவன வாரண்டி. தட்டில் வந்ததற்குக் கடைக்காரர் வாய்ச்சொல்தான்.

அசெம்பிள் செய்வதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் உண்மை. பிராசசரின் ஒரு மூலையில் தங்க நிறத்தில் சின்ன முக்கோணம் இருக்கும். சாக்கெட்டிலும் அதே முக்கோணம். இரண்டையும் ஒரே பக்கம் வைத்து விட்டால் தன் எடையிலேயே உட்கார்ந்துகொள்ளும், அழுத்தவே கூடாது. ராம் அதற்கு எதிர், 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். பிள்ளை பயந்துபோய் என்னைப் பார்த்தாள். உண்மையில் படுத்தியது கேபினெட்டின் முன்பக்கப் பொத்தானிலிருந்து வரும் மெல்லிய வயர்கள்தான். மதர்போர்டின் ஓரத்தில், படிக்கவே முடியாத அளவு சின்ன எழுத்துகளுக்குப் பக்கத்தில், அரிசி நுனி போல நிற்கும் ஊசிகளில் ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். என் மூக்குக் கண்ணாடி தோற்றது. செல்போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்து அவளே செருகினாள். பொத்தானை அழுத்தியதும் விசிறி சுற்றி, மானிட்டரில் வெள்ளை எழுத்து வந்ததும் அவள் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார்.

அடுத்த நாள், கேபினெட்டின் பின்புறம் பென்டிரைவ் செருகப் போனவள் கையை இழுத்துக்கொண்டு, "பெரியம்மா, சுருக்கென்கிறது" என்றாள். டெஸ்டரை எடுத்து கேபினெட் திருகாணியில் வைத்தேன். மங்கலாக எரிந்தது. சுவர் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், மேலே பெரிய துளை இருக்கிறது, பின்னால் அதற்கு வயரே இல்லை. வாடகை வீடு. மூன்று துளை பிளக் என்றால் எர்த் இருக்கிறது என்று நம்பிவிடுகிறோம்.

எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குள் மின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன மின்தேக்கிகள் உண்டு. ஒன்று ஃபேஸிலிருந்தும் மற்றது நியூட்ரலிலிருந்தும் கேபினெட் தகட்டோடு சேர்ந்திருக்கும். எர்த் இருந்தால் அந்தச் சொற்பக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி தகட்டில் வந்து நிற்கும். மின்னோட்டம் மிக மிகக் குறைவு என்பதால் சுருக்கென்பதோடு சரி. நல்ல எஸ்.எம்.பி.எஸ்ஸிலும் இது நடக்கும், பொருளில் குறையில்லை. ஆனால் என்றாவது ஃபேஸ் வயரே தகட்டில் பட்டால் அதைத் தடுக்க அந்த வீட்டில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். வீட்டுக்காரர் "இத்தனை வருடமாக ஃபிரிட்ஜ் ஓடுகிறதே" என்றார். நான் விடவில்லை. கொல்லையில் குழி தோண்டி, குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு எர்த் இழுத்த பிறகுதான் கணினியைத் திரும்ப மாட்டவிட்டேன். பாதிச் செலவை அவர் கொடுத்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. உங்கள் வீட்டிலும் கணினி வாங்கும் முன் ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ஒரு பிளக்கையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

இதற்கு நடுவே என் தங்கை மகளின் கல்லூரியைப் பற்றி ஒன்று சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஆண்டுதோறும் ஆய்வகக் கட்டணம் தனியாக வாங்குகிறார்கள். ஆய்வகம் மாலை நான்கு மணிக்குப் பூட்டிவிடுகிறது. அட்டவணையில் இல்லாத நேரத்தில் உள்ளே போகக் கூடாது. போனாலும் செருப்பை வெளியே கழற்ற வேண்டும், கணினிக்குத் தூசி ஆகாதாம். விசைப்பலகைகளுக்கு மேல் வாங்கியபோது வந்த பிளாஸ்டிக் உறை இன்னும் இருக்கிறது. பிள்ளைகள் தொட்டுப் பழகத்தான் வாங்கினோம் என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை. எங்கள் பள்ளி இயற்பியல் ஆய்வகமும் பெரிதாக வேறு இல்லை. வெர்னியர் காலிப்பர் பீரோவுக்குள் இருக்கிறது, சாவி யாரிடம் என்பதில் ஒரு தனி அரசியல். ஆய்வகம் திறந்திருந்தால் பாதிப் பெற்றோர் இந்தக் கேள்வியையே கேட்க வேண்டியிருக்காது.

சரி, இன்றைய நிலைமை. நான் சொன்ன 2024 விலையைக் கடையில் காட்டிச் சண்டை போடாதீர்கள். 2025 கடைசியிலிருந்து ராம் விலை இரண்டு மடங்குக்கும் மேல் ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கு நினைவகச் சில்லுகளை மொத்தமாக வாங்கிக் குவிக்கிறார்கள். மைக்ரான் நிறுவனம் கடைகளுக்கு விற்றுவந்த குரூஷியல் பிராண்டையே மூடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. எஸ்.எஸ்.டி. விலையும் கூடவே ஏறுகிறது. ஆகவே 40,000 உங்கள் கடைசி எல்லை என்றால், அலுவலகங்களிலிருந்து கழித்து வரும் பழைய டெஸ்க்டாப்பைக் கேவலமாக நினைக்காதீர்கள். டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் போன்றவை ராமோடு சேர்த்தே கிடைக்கும். ஒரே நிபந்தனை, இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். ஐ5 8500 என்றால் எட்டு, 6500 என்றால் ஆறு. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துவிட்டது, ஏழாம் தலைமுறையையும் அதற்கு முந்தியதையும் விண்டோஸ் 11 பொதுவாக ஏற்பதில்லை. இந்தப் பெட்டிகளில் எஸ்.எம்.பி.எஸ்ஸும் மதர்போர்டும் அந்த நிறுவனத்துக்கே உரிய அளவில் இருக்கும், பின்னால் ஆசைப்பட்டதையெல்லாம் மாட்ட முடியாது. அதைத் தெரிந்தே வாங்குங்கள்.

"மெஷின் லேர்னிங் படிக்க கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் முடியாது" என்று மகனின் நண்பர்கள் சொல்வார்கள். என் தங்கை மகளிடமும் சொன்னார்கள். அவள் பாடத்துக்குத் தேவையானதை கூகுள் கோலாப் என்ற இணையத் தளத்தில் இலவசமாகவே செய்துவிடுகிறாள், அங்கே கிராபிக்ஸ் கார்டு கூகுளுடையது. செல்போன் செயலி எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுக்கு 16 ஜிபி ராம் வேண்டும் என்பது மட்டும் நிஜம். விண்டோஸுக்குப் பதில் உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுங்கள், பைத்தானும் சி மொழியும் அதிலேயே ஓடும். கடையில் திருட்டு விண்டோஸ் ஏற்றித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கேம் விளையாடத்தான் கேட்கிறான் என்றால் அது வேறு கணக்கு, அதை அவனிடமே நேராகக் கேளுங்கள்.

பில்லில் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனி வரியாக, வரிசை எண்ணோடு எழுதித் தரச் சொல்லுங்கள். "அசெம்பிள்ட் கம்ப்யூட்டர் - 1" என்று மொத்தமாக எழுதிய பில்லை வைத்துக்கொண்டு எந்த சர்வீஸ் சென்டரிலும் ராமை மாற்றித் தரமாட்டார்கள். தெர்மல் தாளில் தரும் பில் சில மாதங்களில் வெளுத்துவிடும், அன்றைக்கே போட்டோ எடுத்து மகனுக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்.