கையெழுத்துப் போடும் முன்: மாணவர் கடிதங்களுக்குப் பதில்கள்

தென்னாப்பிரிக்காவில் படிப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் எழுதிய கடிதங்களில் முக்கால்வாசி இம்முறையும் "எங்கே பணம் கிடைக்கும்?" என்றுதான் கேட்கின்றன. நியாயமான கேள்வி. ஆனால் பணம் கொடுப்பவர் பதிலுக்கு என்ன எதிர்பார்க்கிறார் என்று கேட்டு ஒருவரும் எழுதவில்லை. ஆகவே அதை நானாகவே பல பதில்களில் சேர்த்திருக்கிறேன். பெயர்களை நீக்கிவிட்டு ஊரை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.

மகளுக்குக் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. எங்கள் இருவர் சம்பளமும் சேர்ந்து 350,000 ராண்டைக் கொஞ்சம் தாண்டுவதால் அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்எஸ்ஃபாஸ் மறுத்துவிட்டது. மேல்முறையீடு செய்யலாமா? (ஃபீனிக்ஸ்)

அம்மா, காரணம் இருந்தால் செய்யலாம். "கஷ்டப்படுகிறோம்" என்று இரண்டு பக்கம் எழுதுவது காரணம் ஆகாது. விண்ணப்பிக்கும்போது நீங்கள் தந்த ஒப்புதலை வைத்து வருமானத்தை அவர்களே வரித்துறையிடம் சரிபார்த்துக்கொள்கிறார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட தொகை தவறாக இருந்தாலோ, அதன்பிறகு வேலை போயிருந்தாலோ, விவாகரத்தோ மரணமோ நேர்ந்திருந்தாலோ சான்றிதழுடன் மேல்முறையீடு செய்யுங்கள். பிடித்தம் போகக் கைக்கு வரும் சம்பளம் குறைவு என்ற வாதம் அங்கே எடுபடாது. அவர்கள் பார்ப்பது மொத்த வருமானத்தை. உடற்குறை உள்ள மாணவர் என்றால் வரம்பு 600,000 ராண்ட்.

இந்த இரண்டு தொகைகளுக்கும் இடையில் சிக்கிய குடும்பங்கள் நம்மவர்களில் ஏராளம். ஏழை என்று உதவி வாங்கவும் முடியாது, பணக்காரர் என்று கட்டணம் கட்டவும் முடியாது. இவர்களுக்காக 2024இல் அரசு அறிவித்த திட்டம் கடன்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். 2018 முதல் என்எஸ்ஃபாஸ் தருவது திருப்பிக் கட்ட வேண்டாத உதவித்தொகை, இது அப்படியல்ல.

கதவுகளை இந்த வரிசையில் தட்டுங்கள். முதலில் பல்கலைக்கழகத்தின் நிதியுதவி அலுவலகம். துறைவாரியாக இருக்கும் சிறு சிறு பர்சரிகளின் (படிப்பு உதவித்தொகைகளின்) பட்டியல் அங்கேதான் கிடைக்கும், அவற்றுக்குப் போட்டியும் குறைவு. பதிவு நாளில் கட்ட வேண்டிய முன்பணத்தைத் தவணையில் கட்ட முடியுமா என்பதையும் அங்கேயே கேளுங்கள். அடுத்தது, இந்த நடுத்தட்டுக் குடும்பங்களையும் கருத்தில் கொண்டு இயங்கும் ஐஎஸ்ஃபாப் என்ற மாணவர் நிதியுதவித் திட்டம். மகள் எடுத்திருக்கும் படிப்பு அதன் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நிறுவனங்களின் பர்சரிகள். வங்கிக் கடன் கடைசி. படிக்கும் காலத்தில் மாதாமாதம் வட்டி கட்டப் போவது மகள் அல்ல, நீங்கள்.

கோயில் கமிட்டிகளுக்கும் ஒரு வார்த்தை. கும்பாபிஷேகத்துக்கு நிதி திரட்டும் வேகத்தில் பாதியைக் காட்டினாலே, ஒரு வட்டாரத்து மாணவர்களின் புத்தகச் செலவும் டாக்ஸிக் கட்டணமும் தீர்ந்துவிடும்.

பொறியியல் முதலாண்டு முடித்திருக்கிறேன். மீதி மூன்று ஆண்டுக்கும் ஒரு நிறுவனம் முழுச் செலவையும் ஏற்கிறது. ஒப்பந்தத்தை இணைத்துள்ளேன். உடனே கையெழுத்துப் போடு என்கிறார் அப்பா. (டோங்காட்)

தம்பி, ஒப்பந்தம் முழுவதையும் படித்தேன். மோசமானது அல்ல, ஆனால் இப்போதைக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது.

உதவி பெற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓராண்டு அங்கே வேலை செய்ய வேண்டும் என்பது நாடெங்கும் உள்ள வழக்கம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாம் பக்கத்தைப் பாருங்கள். நீங்கள் "கட்டாயம் பணியாற்ற வேண்டும்" என்று இருக்கிறது. நிறுவனம் உங்களுக்கு வேலை தருவதோ "பணியிடம் இருப்பின்". பணியிடம் இல்லாவிட்டால் என்ன ஆகும்? ஒப்பந்தத்தில் அதற்குப் பதிலே இல்லை. அந்த நிலையில் நீங்கள் வேறிடத்தில் வேலைக்குச் சேர்ந்தால், அதையே ஒப்பந்த மீறல் என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கேட்க இடம் இருக்கிறது. படிப்பு முடிந்து இத்தனை மாதத்துக்குள் வேலை தராவிட்டால் கடன் ஏதுமின்றி நீங்கள் விடுபடுவீர்கள் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மின்னஞ்சலில் வந்தாலும் போதும், ஆனால் எழுத்தில் வர வேண்டும்.

அடுத்து, "திருப்திகரமான முன்னேற்றம்". யாருக்குத் திருப்தி? இரண்டாம் ஆண்டுக் கணிதத்தில் ஒரு பாடம் தவறுவது பொறியியலில் சாதாரணம். ஒரு பாடம் போனால் எச்சரிக்கையா, உதவி நிறுத்தமா, முழுத்தொகையும் வட்டியோடு உடனே கட்ட வேண்டுமா? எத்தனை விழுக்காடு என்று எண்ணாகவே கேளுங்கள்.

விடுமுறைக் காலப் பயிற்சி பற்றியும் ஒப்பந்தத்தில் பேச்சில்லை. பட்டத்துக்கு அது தேவை என்பதும், ஆள் தெரியாமல் அது கிடைப்பது எவ்வளவு கடினம் என்பதும் உங்களுக்கே தெரியும். அந்தப் பயிற்சியை அவர்களே தருவார்கள் என்றால் இந்தப் பர்சரியின் மதிப்பு இன்னும் கூடும்.

கடைசிப் பக்கத்தில் உத்தரவாதம் தருபவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போடப் போவது அப்பா. நீங்கள் கட்டாவிட்டால் வீட்டுக்கு வரும் கடிதம் அவர் பெயருக்குத்தான் வரும். அவசரப்படுத்துகிற அவர்தான் இதை உங்களைவிட நிதானமாகப் படிக்க வேண்டும். கேள்வி கேட்டால் வாய்ப்புப் போய்விடும் என்று பயப்படாதீர்கள். இப்படிப்பட்ட கேள்விகள் மனிதவளத் துறையினருக்குப் புதியவை அல்ல.

ஆசிரியையாகித் தமிழ் கற்பிக்க ஆசை. ஆசிரியர் படிப்புக்கு அரசு தரும் ஃபுன்சா லுஷாக்கா பர்சரி உதவுமா? (மெர்பேங்க்)

உதவலாம், மகளே. ஆனால் தமிழை மட்டும் நம்பி இறங்காதீர்கள். அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவு தமிழையும் பெயர் சொல்லி, வளர்க்க வேண்டிய மொழிகளில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. பெருமைதான். ஆனால் பள்ளியில் பணியிடத்தை உருவாக்க அந்த வரி போதாது. கணிதம், இயற்பியல் போல ஆளில்லாமல் தவிக்கும் பாடம் ஒன்றை முதன்மையாக எடுத்துக்கொண்டு தமிழைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். உதவி பெற்ற ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓராண்டு அரசுப் பள்ளியில் பணியாற்ற வேண்டும். தவறினால் உதவி கடனாகிவிடும், வட்டியும் சேரும். எந்தப் பள்ளி என்பதைத் தேவையைப் பார்த்து மாகாணக் கல்வித் துறை முடிவு செய்யும். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் கிடைக்கும் என்று இப்போதே கனவு காண வேண்டாம். தமிழுக்கு முறையான சான்றிதழ் வேண்டுமென்றால் சென்னையிலுள்ள தமிழ் இணையக் கல்விக்கழகம் வெளிநாட்டுத் தமிழர்களுக்கு இணையவழிப் படிப்புகள் நடத்துகிறது.

டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டிப்ளமோ. பாடங்கள் எல்லாம் முடிந்துவிட்டன, இன்-சர்வீஸ் பயிற்சி (பணியிடத்தில் பெறும் பயிற்சி) கிடைக்காததால் சான்றிதழ் வரவில்லை. அறுபது இடங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். (சாட்ஸ்வொர்த்)

உங்கள் மின்னஞ்சலைப் பார்த்தேன், தம்பி. "வாய்ப்பு அளித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்" என்கிறது. முதலாளிக்கு அதில் என்ன லாபம்? ஆண்டுச் சம்பளச் செலவு 500,000 ராண்டைத் தாண்டும் நிறுவனம் ஒவ்வொன்றும் சம்பளத் தொகையில் ஒரு விழுக்காட்டைத் திறன் மேம்பாட்டு வரியாகக் கட்டுகிறது. பயிற்சி மாணவரை எடுத்தால் அந்தத் துறைக்கான கல்வி, பயிற்சி ஆணையமான சேட்டாவிடமிருந்து மானியம் கேட்க வழி உண்டு. இது சிறு தொழிற்சாலை உரிமையாளர் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லிக் கடிதத்தைத் தொடங்குங்கள். உங்கள் துறைக்கு எந்த சேட்டா, பயிற்சி எத்தனை மாதம், பல்கலைக்கழகம் கேட்கும் பதிவேட்டில் யார் கையெழுத்திட வேண்டும் என்பதை ஒரே பக்கத்தில் அடக்கி நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். பெரிய நிறுவனங்களுக்கு அனுப்பும் மின்னஞ்சல் பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை. ஜேக்கப்ஸ், பைன்டவுன் பட்டறைகளில் உரிமையாளரே வாசலில் நிற்பார்.

இந்தப் பயிற்சியையும் ஓராண்டு வேலை அனுபவம் தரும் யெஸ் திட்டத்தையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். யெஸ் 18 முதல் 35 வயது வரையிலான வேலையற்றோருக்கானது. அங்கே செய்யும் வேலை டிப்ளமோவுக்குக் கணக்கில் வருமா என்று உங்கள் துறை ஒருங்கிணைப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இளைஞர்களுக்கு வேலைவாய்ப்புகளைக் காட்டும் எஸ்ஏ யூத் இணையதளத்தில் பதிந்துகொள்ளக் கட்டணம் இல்லை, மொபைல் டேட்டாவும் செலவாகாது. இடம் வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடு என்று வாட்ஸ்அப்பில் யாராவது கேட்டால் பதில்கூடப் போடாதீர்கள்.

நான் நியூகாசல்காரி, படிப்பது டர்பனில். உள்ளாட்சித் தேர்தலில் எங்கே வாக்களிப்பது? எங்கள் வீட்டில் "படிக்கிற வேலையைப் பார்" என்கிறார்கள்.

எங்கே பதிந்திருக்கிறீர்களோ அங்கே மட்டும். நாடாளுமன்றத் தேர்தலில் முன்னறிவிப்புக் கொடுத்து வேறு சாவடியில் வாக்களிக்க வழி உண்டு; உள்ளாட்சித் தேர்தலில் அந்த வசதி கிடையாது. ஆண்டின் பெரும்பகுதி டர்பன் விடுதியில் இருக்கிறீர்கள் என்றால் அந்த முகவரியிலேயே பதிவை மாற்றிக்கொள்ளலாம், இணையத்திலேயே முடியும். கடந்த உள்ளாட்சித் தேர்தல் 2021 நவம்பர் 1இல் நடந்தது. ஐந்தாண்டுப் பதவிக்காலம் முடிந்த 90 நாட்களுக்குள் அடுத்தது நடந்தாக வேண்டும். தேர்தல் தேதி அரசிதழில் வெளியான உடனே வாக்காளர் பட்டியலை மூடிவிடுவார்கள். அந்த அறிவிப்பு வரட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு அந்த முறை வாக்கு இல்லை. 16 வயதிலேயே பதிந்துகொள்ளலாம் என்பதைத் தங்கை தம்பிகளுக்கும் சொல்லுங்கள்.

வீட்டாருக்கு என் பதில் இது. வார்டு கமிட்டியில் கவுன்சிலரைத் தவிரப் பத்துப் பேர் வரை இருக்கலாம். அந்த நாற்காலிகளில் இளைஞரைப் பார்ப்பது அபூர்வம். நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. வரவுசெலவு வரைவை அதற்கு 90 நாள் முன்பே மன்றத்தில் வைத்து மக்கள் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். விடுதிக்கும் டாக்ஸி நிறுத்தத்துக்கும் இடையே எந்தெந்தத் தெருவிளக்கு எரியவில்லை என்று கம்பத்து எண்ணோடு ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துப் பாருங்கள். மாணவர் பேரவைக் கோஷங்களில் எனக்கு அவ்வளவு ஈர்ப்பில்லை. ஆனால் பல்கலைக்கழக ஆட்சிமன்றத்திலும் செனட்டிலும் மாணவர் பிரதிநிதி உட்கார வேண்டும் என்று 1997ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் சொல்கிறது. கட்டணம் முடிவாவது அந்த மேசையில். கோஷத்தைவிட அந்த நாற்காலியைக் குறி வையுங்கள்.

மதுரையிலிருந்து வந்து ஜொஹானஸ்பர்க்கில் முதுகலை படிக்கிறேன். பகுதிநேர வேலை செய்யலாமா?

பல்கலைக்கழக மாணவர் விசா என்றால் வாரம் 20 மணி நேரம் வரை. அதற்கு மேல் ஒரு மணி நேரமும் வேண்டாம், கடைக்காரர் தெரிந்தவராக இருந்தாலும் சரி.

இந்திய அரசின் ஐசிசிஆர் உதவித்தொகையில் சென்னையில் மருத்துவம் படிக்கலாமா? (லெனேசியா)

படிக்க முடியாது. ஐசிசிஆர் உதவித்தொகையில் மருத்துவப் படிப்பு சேராது. கலை, அறிவியல், பொறியியல், இசை, நடனம் என்றால் அதன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். விவரம் கேட்க உங்களுக்கு அருகிலிருப்பது ஜொஹானஸ்பர்க் இந்தியத் துணைத் தூதரகம். சொந்தச் செலவில் மருத்துவம் படிக்க நினைத்தால், திரும்பி வந்ததும் இங்குள்ள சுகாதாரத் தொழில்முறை மன்றத்தின் தேர்வை எழுதித்தான் பதிவு பெற வேண்டும் என்பதைச் செலவுக் கணக்கு போடும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தப் படிப்பானாலும் வெளிநாட்டுப் பட்டத்தை இங்குள்ள கல்வித் தகுதி ஆணையமான சாக்கா மதிப்பிட வேண்டியிருக்கும். பாடத்திட்டத்தையும் மதிப்பெண் பட்டியலையும் அங்கிருந்து கிளம்பும் முன்பே முத்திரையோடு வாங்கி வையுங்கள்.

மண்டேலா ரோட்ஸ் உதவித்தொகைக்கு எழுதிய கடிதத்தை அனுப்பியுள்ளேன். திருத்தித் தருவீர்களா? (சாட்ஸ்வொர்த்)

திருத்தித் தர மாட்டேன். எங்கே திருத்த வேண்டும் என்று சொல்கிறேன். "சிறு வயது முதலே தலைமைப் பண்பு என் இரத்தத்தில் ஊறியது" என்று தொடங்குகிறீர்கள். அடித்துவிடுங்கள். ஐந்தாம் பத்தியில், போகிற போக்கில், காவடித் திருவிழாவன்று கோயிலில் தண்ணீர்ப் பந்தலைப் பார்த்துக்கொள்வதாக ஒரு வரி. கடிதம் அங்கேதான் தொடங்க வேண்டும். வெயிலில் வரிசையில் நின்ற முதியவர்கள் மயங்கி விழுந்த பிறகு அவர்களுக்குத் தனி வரிசையும் பந்தலும் கேட்டுக் கமிட்டியோடு மல்லுக்கு நின்றதை அடைப்புக்குறிக்குள் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். யார் மறுத்தார்கள், எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள், அடுத்த ஆண்டு என்ன மாறியது? அதை எழுதுங்கள்.

இன்னொன்று. அந்த அறக்கட்டளை கல்வி, தொழில்முனைவு, தலைமை ஆகியவற்றோடு நல்லிணக்கத்தையும் தன் கொள்கையாகச் சொல்கிறது. உங்கள் கடிதம் கோயில் மதிலைத் தாண்டவே இல்லை. அம்லாசி பள்ளியில் சனிக்கிழமைகளில் கணிதம் சொல்லிக்கொடுப்பதாகத் தற்குறிப்பில் இருக்கிறதே, அது கடிதத்தில் ஏன் இல்லை? இனவெறி ஆட்சி இந்தியருக்கென ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தும் கறுப்பினத்தவருக்கென ஒதுக்கிய அம்லாசியும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். அப்படி இருந்தும் ஒரு தலைமுறை ஒன்றையொன்று எட்டிப் பார்க்காமல் வளர்ந்தது என்பது தேர்வுக் குழுவில் இருப்பவர்களுக்கும் தெரியும். ஆனர்ஸ், மாஸ்டர்ஸ் படிப்புகளுக்கு மட்டும், 30 வயதுக்கு உட்பட்ட ஆப்பிரிக்கக் குடிமக்களுக்கு மட்டும் என்பதால் முனைவர் பட்டத் திட்டத்தை இதில் கலக்க வேண்டாம்.

பேத்தி மெட்ரிக் (12ஆம் வகுப்பு) படிக்கிறாள். புரட்டாசி முடிந்து, தீபாவளிக்கு முன்பாக நல்ல நாள் பார்த்துப் பல்கலைக்கழக விண்ணப்பம் போடலாம் என்று இருக்கிறோம். சரிதானே? (வெருலம்)

ஆயா, சரியில்லை. குவாசூலு-நட்டால் மாகாணத்துப் பல்கலைக்கழகங்களுக்கான சிஏஓ (மைய விண்ணப்ப அலுவலகம்) விண்ணப்பம் வழக்கமாக செப்டம்பர் இறுதியோடு முடிந்துவிடும். அதன்பின் தாமதக் கட்டணம், நிறையப் படிப்புகளில் இடமும் இருக்காது. என்எஸ்ஃபாஸ் விண்ணப்பமும் ஏறத்தாழ அந்தப் பருவத்தில்தான் வரும். மெட்ரிக் முடிவு வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. தற்காலிக இடம் தருவது 11ஆம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்து, அது ஏற்கெனவே பேத்தியின் கையில் இருக்கிறது. நல்ல நாள் பார்த்தே ஆக வேண்டுமென்றால் ஆவணியில் முகூர்த்தத்துக்குப் பஞ்சமில்லை. பேத்தியின் அடையாள அட்டை நகல், 11ஆம் வகுப்பு ரிப்போர்ட், அப்பா அம்மாவின் அடையாள எண்கள், இவற்றை இந்த வாரமே ஓர் உறையில் போட்டு வையுங்கள்.