லீவு எப்போது, யார் விடுகிறார்கள்? பள்ளி விடுமுறை பற்றிய கேள்வி பதில்

அரசுப் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்டவற்றுக்குத் தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளை வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: சார், ஊருக்குப் போக ரயில் டிக்கெட் எடுக்கணும். நீண்ட லீவு எப்போதெல்லாம் வரும்?

மூன்று முறை வரும். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் செப்டம்பர் கடைசியில் ஒன்று. காந்தி ஜெயந்தியும், சில வருடங்களில் சரஸ்வதி பூஜையும் அதற்குள்ளேயே அடங்கிவிடும். அரையாண்டுத் தேர்வு முடிந்து கிறிஸ்துமஸ் ஒட்டி ஆரம்பித்துப் புத்தாண்டு வரை இன்னொன்று. அப்புறம் ஏப்ரல் கடைசியில் தொடங்கும் கோடை விடுமுறை. இது போகப் பொங்கலுக்குத் தனியாக மூன்று நாள், சனி ஞாயிறு ஒட்டி வந்தால் ஐந்து.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. அரையாண்டு லீவுக்கு அக்டோபர் கடைசியிலேயே தயாராக இருங்கள். திரும்பி வரும் டிக்கெட்டைப் பள்ளி திறக்கும் நாளைத் தாண்டி எடுத்துவிடாதீர்கள். சின்ன வகுப்புகளுக்கு மூன்றாம் பருவப் புத்தகம் ஜனவரியில் திறந்ததும் கொடுப்பார்கள். அன்று வராத பிள்ளை அடுத்தவன் புத்தகத்தை எட்டிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

கேள்வி: நாங்கள் இருப்பது தாம்பரம், பையன் படிப்பது கிண்டியில். மழைக்கு ஒரு மாவட்டத்தில் லீவு விடுகிறார்கள், இன்னொன்றில் விடுவதில்லை. எதை எடுத்துக்கொள்வது?

பள்ளி எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அந்த ஆட்சியரின் அறிவிப்புதான் கணக்கு. கிண்டி சென்னை மாவட்டம், தாம்பரம் செங்கல்பட்டு மாவட்டம். ஆனால் உங்கள் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றால் எந்த அறிவிப்புக்கும் காத்திருக்க வேண்டாம். வகுப்பாசிரியருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிட்டுப் பிள்ளையை வீட்டில் வையுங்கள். பிள்ளையை விட வருகைப் பதிவேடு பெரிதில்லை.

ரெட் அலர்ட் வந்தாலே லீவு என்று நினைப்பதும் தப்பு. வானிலை மையம் எச்சரிக்கை மட்டுமே தரும், விடுமுறை விடுவது ஆட்சியர். முந்தின நாள் மாலையிலும் வரலாம், அன்று காலை பிள்ளை யூனிஃபார்ம் போட்ட பிறகும் வரலாம். தாமதமாக வரும் அறிவிப்பால் அதிகம் அவதிப்படுவது முதல் பஸ்ஸைப் பிடிக்கும் கிராமத்துப் பிள்ளைகள்தான். அதனால் முந்தின இரவே முடிவெடுக்கும் ஆட்சியர்களை நான் மனதார மெச்சுவேன். "பள்ளிகளுக்கு மட்டும்" என்று இருக்கிறதா, "பள்ளி, கல்லூரிகளுக்கு" என்று இருக்கிறதா என்றும் கவனியுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் அறிவிப்பில் தேதியைப் பாருங்கள். போன வருடத்துப் படமே மறுபடி சுற்றும்.

ஒன்றை யாரும் பேசுவதில்லை. லீவு விட்டால் அன்று பள்ளியில் காலை உணவும் இல்லை, சத்துணவும் இல்லை. மழையில் வேலைக்குப் போக முடியாத வீட்டில் அது பெரிய இழப்பு. விடுமுறை வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தப் பிள்ளைகள் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் எட்டிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: அந்த லீவுக்குப் பதிலாக சனிக்கிழமை பள்ளி வைக்கிறார்களே, கட்டாயமா?

ஆமாம், அது வேலைநாள்தான். எந்தக் கிழமையின் பாடவேளை என்பதையும் சேர்த்தே சொல்வார்கள், அதைப் பார்த்துப் பையில் புத்தகம் வையுங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டம் 1 முதல் 5 வகுப்பு வரை வருடத்துக்கு 200 நாளும், 6 முதல் 8 வரை 220 நாளும் குறைந்தபட்சம் என்று வைத்திருக்கிறது. மழையில் போன நாளை எங்காவது ஈடுகட்டித்தானே ஆக வேண்டும்.

கேள்வி: ஊர்த் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை விட்டார்கள். பேங்க் மட்டும் திறந்திருந்ததே ஏன்?

கள்ளழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மதுரை, ஆழித்தேருக்குத் திருவாரூர், பனிமய மாதா திருவிழாவுக்குத் தூத்துக்குடி என்று ஆட்சியர்கள் விடுவது அந்தந்த மாவட்டத்துக்கு மட்டும். அந்த அறிவிப்பின் அடியில் ஒரு வரி இருக்கும்: 1881-ஆம் ஆண்டு செலாவணி முறிச் சட்டத்தின்படியான விடுமுறை இது அல்ல. வங்கிகளுக்கும் சேர்த்து விடுமுறை விடுவது அந்தச் சட்டத்தின்படிதான். அதனால்தான் வங்கிகள் இயங்கும், கருவூலமும் குறைந்த ஆட்களோடு திறந்திருக்கும். பொதுத்தேர்வு இருந்தால் அதுவும் வழக்கம்போல நடக்கும். பத்து, பன்னிரண்டு படிக்கும் பிள்ளைகள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: மகள் பத்தாவது. காலாண்டு லீவில் தினமும் ஸ்பெஷல் கிளாஸ் என்கிறது தனியார் பள்ளி. மறுக்கலாமா?

தாராளமாக மறுக்கலாம் அம்மா. விடுமுறையில் சிறப்பு வகுப்பு நடத்தக் கூடாது என்று பள்ளிக் கல்வித் துறை திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. தனியார் பள்ளிகளுக்கும் அது பொருந்தும். முதலில் முதல்வரிடம் எழுத்தில் கொடுங்கள். கேட்கவில்லையென்றால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலரிடம் போங்கள், அல்லது பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417-க்கு அழையுங்கள். நான்கைந்து பெற்றோர் சேர்ந்து போனால் உங்கள் மகளை மட்டும் குறிவைக்க முடியாது.

என் அனுபவத்தில், லீவிலும் வகுப்புக்கு இழுக்கப்பட்ட பிள்ளைகள் ஜனவரி வரும்போது களைத்துப் போய்விடுவார்கள். திருப்புதல் தேர்வு தொடங்கும் சமயம் அது, தெம்பு வேண்டியதே அப்போதுதான்.

கேள்வி: ரம்ஜான் லீவு திங்களா செவ்வாயா என்று கடைசி வரை தெரியவில்லையே?

பிறை தெரிந்த பிறகுதான் தலைமை காஜி அறிவிப்பார். நாள்காட்டியில் இருப்பது உத்தேசத் தேதி.

கேள்வி: ஜூனில் பள்ளி திறப்பதை அடிக்கடி தள்ளிப் போடுகிறார்கள். படிப்பு கெடாதா?

2023-ல் ஜூன் 1 என்றார்கள், 7 ஆனது, கடைசியில் பெரிய வகுப்புகளுக்கு 12, சின்ன வகுப்புகளுக்கு 14. 2024-ல் ஜூன் 10-ல் திறந்தார்கள். கத்திரி முடிந்தும் வெயில் குறையாததுதான் காரணம். தகரக் கொட்டகையிலோ தாழ்ந்த கான்கிரீட் கூரைக்குக் கீழோ பகல் இரண்டு மணிக்கு நாற்பது பிள்ளைகளோடு நின்று பார்த்தவர்களுக்கு இதில் சந்தேகமே வராது. ஒரு வாரப் பாடத்தை அப்புறம் நடத்திக்கொள்ளலாம்.

கேள்வி: மூன்றாவது படிக்கும் பையன் கோடை லீவில் வாசிப்பதையே மறந்துவிடுகிறான்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் நடப்பதுதான். டியூஷன் வேண்டாம். பஸ்ஸுக்கு நிற்கும்போது போர்டை அவன் வாசித்துச் சொல்லட்டும், மளிகைச் சீட்டை அவன் கையால் எழுதட்டும், மீதிச் சில்லறையை அவனே எண்ணி வாங்கட்டும். பக்கத்தில் கிளை நூலகம் இருந்தால் உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள். புத்தகத்தை அவனே தேர்ந்தெடுக்க வேண்டும், படம் மட்டும் இருந்தாலும் பரவாயில்லை. மற்ற நேரம் விளையாடட்டும்.