பஸ்காவும் புளிப்பை விற்பதும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பஸ்காவுக்கு முன் யூதர்கள் வீட்டிலுள்ள புளித்த மாவையெல்லாம் அகற்றிவிடுவார்கள் என்று சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் கேட்டிருக்கிறேன். சமீபத்தில் ஒரு செய்தி படித்தேன். இஸ்ரேல் அரசு தன் கையிருப்பிலுள்ள புளிப்பு உணவு அனைத்தையும் சொற்ப முன்பணத்துக்கு ஓர் அரபியரிடம் விற்றுவிட்டு, பண்டிகை முடிந்ததும் திரும்ப எடுத்துக்கொள்கிறதாம். படித்ததும் கோபம்தான் வந்தது. ‘வீட்டில் இருக்கவே கூடாது’ என்று கடவுள் சொன்ன பொருளை அலமாரியில் பூட்டி வைத்துப் பத்திரம் எழுதிக்கொள்வது அவரையே ஏமாற்றுவதாகாதா? அப்புறம், எங்கள் வீட்டில் எழுந்த சந்தேகம் ஒன்று: நம் இட்லி மாவும் புளித்த மாவுதானே, அதுவும் விலக்கா?

எஸ்., பாளையங்கோட்டை

அன்புள்ள எஸ்.,

விற்பனையை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் உங்களுக்கு வந்த கோபம் யாருக்கும் வரும். அதற்கு முந்தைய வாரங்களில் அந்த வீடுகளில் என்ன நடக்கிறது என்பதோடு சேர்த்துப் பார்த்தால் எனக்கு அது ஏமாற்றாகத் தெரியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் சட்டம். யூத மதத்தில் பன்றி இறைச்சியும் விலக்குதான், ஆனால் அது உண்பதற்கான தடை. புளிப்பு விஷயத்தில் பைபிளின் யாத்திராகமம் இன்னொரு படி மேலே போகிறது. ஏழு நாளும் அதை உண்ணக் கூடாது, வீட்டில் அது காணப்படவும் கூடாது, ‘உன்னிடத்தில்’ இருக்கவே கூடாது. இந்த ‘உன்னிடத்தில்’ என்பதை வைத்து, யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான தல்மூத் உருவான காலத்து அறிஞர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: உனக்குச் சொந்தமான புளிப்பு உன் கண்ணில் படக் கூடாது, பிறருக்குச் சொந்தமானது படலாம். ஆக, தடை உடைமையின் மீது விழுகிறது. பஸ்காவுக்கு முந்தைய சடங்குகள் எல்லாமே அந்த உடைமையைக் கைவிடும் வழிகள்தான்.

எபிரேயத்தில் இந்தப் புளிப்புக்கு ஹாமெட்ஸ் என்று பெயர். கோதுமை, வாற்கோதுமை, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் என்னும் பழைய கோதுமை வகை ஆகிய ஐந்து தானியங்களில் ஒன்றின் மாவு தண்ணீர் பட்டு 18 நிமிடம் சும்மா கிடந்தால் ஹாமெட்ஸ் ஆகிவிடும் என்பது கணக்கு. ரொட்டி, பிஸ்கட், சேமியா, பீர், விஸ்கி எல்லாம் இதில் அடங்கும். அதனால் வாரக்கணக்கில் வீட்டைச் சுத்தம் செய்கிறார்கள். குழந்தைகளின் சட்டைப் பை, புத்தகப் பை, சோபா இடுக்கு, கார் இருக்கை என்று ஒன்றும் தப்பாது. பாத்திரங்களைக் கொதிநீரில் முக்கி எடுப்பார்கள், அல்லது பஸ்காவுக்கென்றே பரணில் வைத்திருக்கும் தனிப் பாத்திரங்களை இறக்குவார்கள். இந்த உழைப்பில் பெரும்பங்கு பெண்களின் தலையில் விழுகிறது. ஜன்னல் கண்ணாடியையும் திரைச்சீலையையும் துவைத்துத் துடைத்து ஓய்ந்துபோகாதீர்கள், தூசி ஹாமெட்ஸ் ஆகாது என்று இன்றைய ரபிகள் (யூத மதகுருக்கள்) பலர் வருடந்தோறும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பஸ்காவுக்கு முந்தைய இரவு, யூத நாட்காட்டியின் நிசான் மாதம் 14ஆம் தேதி பிறக்கும் வேளையில், தேடல் தொடங்குகிறது. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னாவில் பஸ்கா பகுதியின் முதல் வாக்கியமே இதுதான்: அன்று விளக்கின் ஒளியில் ஹாமெட்ஸைத் தேட வேண்டும். பெரிய தீவட்டி உதவாது. அது பொந்துக்குள்ளும் விரிசலுக்குள்ளும் நுழையாது, வீடு பற்றிக்கொள்ளுமோ என்ற பயத்தில் பிடித்திருப்பவனின் கவனமும் சிதறும். சின்ன விளக்கே வேண்டும் என்கிறது தல்மூத். இன்று மெழுகுவர்த்தியோ டார்ச் லைட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். கூடவே ஓர் இறகு, ஒரு மரக் கரண்டி. துணுக்கை இறகால் கரண்டியில் தள்ளிச் சேகரிப்பார்கள். சுத்தமான வீட்டில் எதுவும் கிடைக்காமல் தேடல் வீணாகக் கூடாது என்று, முன்கூட்டியே பத்து ரொட்டித் துண்டுகளை ஒளித்துவைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. தேடி முடித்த மூலைக்கு வேறெங்கிருந்தோ ஒரு மரநாய் துண்டைக் கவ்விக்கொண்டு வந்திருந்தால் என்ன செய்வது? மிஷ்னா அதை எடுத்துக்கொண்டு, அப்படிப் பயப்பட வேண்டியதில்லை என்கிறது. பயந்தால் வீடு விட்டு வீடு, முற்றம் விட்டு முற்றம், ஊர் விட்டு ஊர் என்று அதற்கு முடிவே இருக்காது. இத்தனை கறாரான சட்டம், மனிதனால் ஆகக்கூடியது எதுவரை என்பதையும் தானே வகுத்துக் கொடுத்துவிடுகிறது.

அதனால் தேடல் முடிந்ததும், ‘என்னிடம் உள்ள புளிப்பில் நான் காணாததும் அகற்றாததும் ஒன்றுமில்லாததாகட்டும், மண்ணின் தூசி போல ஆகட்டும்’ என்ற பொருளில் அரமேய மொழியில் சொல்கிறார்கள். அன்றைய பாமர மக்களுக்கு அரமேயம்தான் புரிந்தது. புரியாமல் சொன்னால் கைவிட்டதாகாது. மறுநாள் காலை, கிடைத்த துண்டுகளை எரித்துவிட்டு, கண்டது காணாதது எல்லாவற்றையும் சேர்த்து இன்னொரு முறை சொல்வார்கள். தேடிய பிறகும் ஏன் சொல்ல வேண்டும் என்பதற்கு தல்மூத் தரும் காரணம் அருமையானது: பண்டிகை நடுவே எங்காவது ஒரு நல்ல ரொட்டி அகப்பட்டு, அதன் மேல் மனம் போய்விட்டால்?

சரி, விற்பனைக்கு வருவோம். பஸ்கா நாட்களில் ஒரு யூதரின் உடைமையாக இருந்த ஹாமெட்ஸ் அதற்குப் பிறகும் யூதர்களுக்கு உதவாது. அரைப் பொட்டலம் ரவையை யாருக்காவது கொடுத்துவிடலாம். மதுக்கடைக்காரர் என்ன செய்வார்? கப்பலில் யூதர் அல்லாத ஒருவரோடு பயணம் செய்யும் யூதர், தன் ஹாமெட்ஸை அவருக்கு விற்றோ கொடுத்தோ பிறகு திரும்பப் பெறலாம், ஆனால் கொடுப்பது முழுமையாகக் கொடுப்பதாக இருக்க வேண்டும் என்று மிஷ்னாவை ஒட்டி எழுந்த தொசெஃப்தா சொல்கிறது. 17ஆம் நூற்றாண்டுப் போலந்தில் பல யூதர்கள் பிரபுக்களின் மதுவிடுதிகளையும் சாராய வடிசாலைகளையும் குத்தகைக்கு எடுத்து நடத்தினார்கள். பீப்பாய் பீப்பாயாகக் கிடக்கும் சரக்கை வாங்குபவரின் இடத்துக்கு எப்படி நகர்த்துவது? சரக்கு இருக்கும் அறையையும் சேர்த்து விற்றுவிடலாம் என்று யோயெல் சிர்கிஸ் என்ற ரபி வழிகாட்டினார். இன்றைய நடைமுறை அங்கிருந்து வளர்ந்ததுதான். மக்கள் ரபிக்கு அதிகாரம் எழுதிக் கொடுக்கிறார்கள், அவர் எல்லோர் சார்பிலும் விற்கிறார், அலமாரி இருக்கும் இடம் வாங்குபவருக்கு வாடகைக்குப் போகிறது.

நீங்கள் படித்த செய்தி இதன் பெரிய வடிவம். ஜெருசலேமுக்கு அருகே அபூ கோஷ் என்ற அரபு ஊர்க்காரர் ஒருவர், 1997 முதல் பல ஆண்டுகள் இஸ்ரேல் அரசின் ஹாமெட்ஸை வாங்கி வந்தார். முன்பணம் சொற்பம் என்பது உண்மைதான், ஆனால் மீதித் தொகை அவர் மீது கடனாக நிற்கிறது. அதைக் கட்டி, ‘சரக்கு என்னுடையது’ என்று அவர் கேட்டால் மறுக்க முடியாது. மறுக்கும் உத்தேசத்தோடு விற்றால் அது விற்பனையே ஆகாது, ஹாமெட்ஸ் விற்றவரின் உடைமையாகவே இருந்துவிடும். சட்டம் இதில் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதால்தான் நான் இதை நேர்மையான ஏற்பாடு என்கிறேன். ஆனாலும் உங்கள் மனக்குறை யூதர்களிடமும் உண்டு. ரொட்டி மாதிரியான அசல் ஹாமெட்ஸை விற்க மனமில்லாமல் தின்று தீர்ப்பவர்களும் எரித்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் மீது எனக்குக் கூடுதல் மரியாதை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இட்லி மாவைப் பற்றி. அரிசியும் உளுந்தும் அந்த ஐந்து தானியங்களில் இல்லை, அதனால் எவ்வளவு புளித்துப் பொங்கினாலும் அது ஹாமெட்ஸ் ஆகாது. ஆனால் ஐரோப்பிய வழியில் வந்த அஷ்கெனாசி யூதர்கள் மரபுப்படி அரிசியையும் பருப்பு வகைகளையும் பஸ்காவில் தொடுவதில்லை. கோதுமை கலந்திருக்குமோ என்ற பழைய அச்சம்தான் அதற்குப் பெரும்பாலும் சொல்லப்படும் காரணம். ஸ்பானிய, அரபு நாட்டு வழியில் வந்த யூதர்களில் பலர் சாப்பிடுகிறார்கள், அரிசியை மூன்று முறை பொறுக்கிப் பார்த்துவிட்டு. நம் பக்கத்திலேயே கொச்சி யூதர்களுக்கும் பஸ்காவில் சோறு உண்டு. அதற்கான அரிசியை அவர்கள் மணி மணியாகப் பார்த்துப் பொறுக்குவார்கள். நீங்கள் பஸ்கா வாரத்தில் யூத நண்பர் யாரையாவது இட்லிக்கு அழைப்பதாக இருந்தால், அவர் எந்த வழக்கத்தைச் சேர்ந்தவர் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பெருங்காயத் தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், சாம்பாரில் அது கூடாது.