‘அருகில்’ என்றால் எத்தனை கிலோமீட்டர்?

நமீபியாவுக்குக் கூடாரம் கட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களின் கடிதங்கள் சேர்ந்துவிட்டன. சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: ஃபிஷ் ரிவர் கேன்யனில் ஒரே ஓர் இரவு. ஹோபாஸ், அய்-அய்ஸ் இரண்டும் அரசு முகாம்கள். எதை எடுப்பது?

பதில்: ஹோபாஸ். பள்ளத்தாக்கை மேலிருந்து பார்க்கும் முக்கிய இடம் அங்கிருந்து 10 கி.மீ.தான். அய்-அய்ஸ் தென்முனையில், அடிவாரத்தில் இருக்கிறது. சுமார் 60 டிகிரி வெந்நீர் ஊற்று உண்டு, உடம்பு வலிக்குச் சுகம். ஆனால் அண்ணாந்து பார்த்தால் மலைதான் தெரியும்.

தனியார் முகாம்களைப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ‘அருகில்’ என்ற சொல்லை விளம்பரங்களில் தடை செய்ய வேண்டும் என்று பல வருடமாகப் புலம்புகிறேன். பள்ளத்தாக்கின் நீளமே சுமார் 160 கி.மீ. எந்த மூலையில் கூடாரம் அடித்தாலும் ‘அருகில்’தான்! வரைபடத்தில் நேர்கோடு போட்டுத் தூரம் சொல்வார்கள், நீங்கள் போவதோ சரளைச் சாலை. நானும் ‘பள்ளத்தாக்கு ஓரம்’ என்பதை நம்பி இரண்டு இரவுக்குப் பணம் கட்டினேன். போய் இறங்கினால் ஓரத்தையே காணோம். சூரிய உதயம் பார்க்க இருட்டிலேயே கிளம்பினோம். குடு மான் குறுக்கே பாயுமோ என்று பயந்து மெதுவாக ஓட்டி, போய்ச் சேர்ந்தபோது வெயில் முதுகைச் சுட்டது. ‘பார்வை மேடைக்குச் சாலை வழியாக எத்தனை கி.மீ.?’ என்று எழுதிக் கேளுங்கள். பதில் எண்ணாக வராவிட்டால் பணம் கட்டாதீர்கள்.

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் பள்ளத்தாக்குக்குள் இறங்கி நடந்து, அய்-அய்ஸில் தங்கலாமா?

பதில்: இறங்கி நடக்க முடியாது. நடைப்பயணம் மே 1 முதல் செப்டம்பர் 15 வரைதான். டிசம்பர் அங்கே கோடை, 40 டிகிரியைத் தாண்டும்.

கேள்வி: ஜூலையில் போகிறோம். பாலைவனம்தானே, மெல்லிய ஸ்லீப்பிங் பேக் போதாதா?

பதில்: போதாது. ஜூலை அங்கே குளிர்காலம். இரவில் குளிர் உறைநிலையை நெருங்கலாம். பையில் அச்சிட்ட எண்களில் ‘கம்ஃபர்ட்’ என்பதை மட்டும் பாருங்கள். ‘எக்ஸ்ட்ரீம்’ உயிர் பிழைக்க, தூங்க அல்ல. பெரிய எழுத்தில் ‘மைனஸ் 5’ என்று போட்டதைத் தள்ளுபடியில் வாங்கியவன் நான். விடியும்வரை கார் முன்சீட்டில், ஹீட்டர் பக்கம் காலை நீட்டிக்கொண்டு கிடந்தேன்.

கேள்வி: கோவை முகவர் ஒருவருக்கு யுபிஐ மூலம் பணம் அனுப்பி ஹோபாஸில் இடம் பிடித்தோம். வாசலில் பதிவேட்டில் எங்கள் பெயரே இல்லை. முகவர் போனை எடுப்பதில்லை.

பதில்: பாவம், குழந்தைகளோடு வாசலில் நின்றதைப் படிக்கவே வருத்தமாக இருந்தது. உங்கள் மேல் தப்பில்லை. இன்றே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள். பணம் போன விவரம், அரட்டை, போலி ரசீது எதையும் அழிக்காதீர்கள். அப்புறம் உங்கள் ஊர் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமில்லை. மற்றவர்கள் கவனிக்க: ஹோபாஸை நடத்துவது நமீபியா வைல்ட்லைஃப் ரிசார்ட்ஸ். யார் பதிவு செய்தாலும் பதிவு எண்ணை வாங்கி, அவர்களிடமே மின்னஞ்சலில் சரிபார்த்துவிடுங்கள்.

கேள்வி: செஸ்ரியம் கேன்யனும் சோசஸ்ஃப்ளே மணல்மேடுகளும் பார்க்க வேண்டும். பூங்கா வாசலுக்கு உள்ளே முகாமா, வெளியே முகாமா? வெளியே வசதி அதிகம்.

பதில்: உள்ளே. உள்ளே தங்குபவர்களுக்குச் சூரிய உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே வழி விடுவார்கள். நீங்கள் காசு கொடுப்பது அந்த ஒரு மணி நேரத்துக்கு, குளியலறை டைல்ஸுக்கு அல்ல.

கேள்வி: முகாம் விலை நால்வருக்கு என்று நினைத்தேன், அது ஒருவருக்காம். மீதியைத் திரும்ப வாங்க முடியுமா?

பதில்: முடியாது. நீங்களே அனுப்பிய ரசீதின் இரண்டாம் வரியில் ‘ஒரு நபருக்கு’ என்று இருக்கிறது. பூங்கா நுழைவுக் கட்டணமும் தனி. அதற்கும் ஒரு கடிதம் எழுதிவிடாதீர்கள்.